நேரில் நின்றிருந்தால் சொல்லியிருப்பாயா?

கார்த்தி,

குடும்ப குரூப்பில் பெரியப்பாவுக்கு நீ போட்ட பதிலைப் படித்தேன். விஷயத்தில் நீ சொன்னதுதான் சரி, சர்க்கரைக்கு மாத்திரையை நிறுத்திவிட்டுக் கஷாயம் குடி என்று வருகிற ஃபார்வர்டை எல்லாம் அவர் அனுப்பக்கூடாதுதான். ஆனால் உன்னைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு மாட வீதியில் அறுபத்துமூவர் காட்டிய மனுஷனிடம், மயிலாப்பூர் வீட்டு வாசலில் நின்று "படிச்சும் புத்தி இல்லையா" என்று கேட்டிருப்பாயா? நாக்கு எழும்பியிருக்காது.

பேங்க் கவுன்டரில் இருந்த காலத்தில் இதை நிறையப் பார்த்தவள் நான். போனில் "உங்க வேலைக்கே உலை வெச்சிடுவேன்" என்று கத்துகிறவர், மறுநாள் நேரில் வந்தால் "மேடம், கொஞ்சம் பாருங்களேன்" என்பார். ஜான் சுலர் என்ற அமெரிக்க உளவியலாளர் 2004-லேயே இதை எழுதியிருக்கிறார்: எதிராளி நம்மைப் பார்ப்பதில்லை, பதில் உடனே வந்தாக வேண்டியதில்லை, பெரியவர் சின்னவர் என்பதும் திரையில் தெரிவதில்லை, அதனால் கட்டு அவிழ்ந்துவிடுகிறது. 2012-ல் இஸ்ரேலில் முன்பின் தெரியாதவர்களை ஜோடி ஜோடியாக சாட்டில் பேசவிட்டுப் பார்த்தார்கள். பேர் மறைந்திருப்பதைவிட, ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்காததுதான் பேச்சை அதிகம் கெடுத்ததாம். நம் குரூப்பில் யார் பேர் யாருக்குத் தெரியாது, சொல்லு?

இன்னொன்று, கோபப்படாதே. நீ அதை அவருக்காக மட்டும் எழுதவில்லை. சித்தி பையன்கள் சிரிக்கிற எமோஜி போடப் போட உன் அடுத்த வரி இன்னும் காரமாக வந்தது. ட்விட்டர் பதிவுகளை ஆராய்ந்த யேல் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2021-ல் இதைத்தான் சொன்னார்கள்: ஆத்திரமாக எழுதி லைக் வாங்கியவர் அப்புறமும் ஆத்திரமாக எழுதுவது கூடுகிறது.

பெரியப்பா கெட்ட எண்ணத்தில் அனுப்புகிறவர் இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில், ஈசிஆர் முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்று புரளி ஓடி, பண்ணைக்காரர்களே மறுக்க வேண்டிவந்ததே, ஞாபகம் இருக்கா? நம்ம ஆட்கள் ஜாக்கிரதையா இருக்கட்டும் என்ற பயத்தில்தான் பாதிப் பேர் அதை அனுப்பியிருப்பார்கள். அதே வாரம், அதே போனில், முகம் தெரியாத ஜனங்கள் "எங்க வீட்டு மாடியில இடம் இருக்கு, வாங்க" என்று விலாசத்தோடு போட்டார்கள். தெருவில் போகிற ஒருவரைச் சாதாரண நாளில் அப்படிக் கூப்பிடுவோமா என்ன! கட்டு அவிழ்ந்தால் நல்லதும் வெளியே வரும் என்று சுலரே சொல்கிறார்.

சரி, ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வீடியோ கால் போடு. குரூப்பில் சாரி எல்லாம் வேண்டாம், அதையும் எல்லோரும் வேடிக்கை பார்ப்பார்கள். காலை பத்து மணிக்குக் கூப்பிடு, உனக்கு அங்கே விடிந்தும் விடியாமலும் இருக்கும், பரவாயில்லை எழுந்திரு. அவருக்குக் காது மந்தம், கொஞ்சம் சத்தமாகப் பேசு. மாத்திரையைப் பற்றியும் கேள். அவர் நிஜமாகவே நிறுத்திவிட்டார் என்று பெரியம்மா சொல்கிறாள், நான் சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறார்.

அம்மா