ராட்சசனின் தலையை விட்டுவிட்டீர்களே!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் பயணக் கட்டுரையில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், தூரத்திலிருந்து பார்த்தால் ஆள் மல்லாந்து படுத்திருப்பது போலத் தெரியும் 'தூங்கும் ராட்சசன்' மலைப் பூங்காவுக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். மகள் வீட்டில் இரண்டு மாதம் தங்கிவிட்டுப் போன மாதம்தான் ஊர் திரும்பினேன். அந்த மலைக்கு இரண்டு முறை போய் வந்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

முதலில், உச்சியில் இருப்பது 'பழங்காலக் கோட்டை' அல்ல. படத்தில் அப்படித்தான் தெரியும். நானும் தொலைவில் பார்த்து ஏமாந்தேன். 1936-இல் தொடங்கி 1939-இல் கட்டி முடித்த கல் கோபுரம் அது. எந்த ராஜாவும் அதற்குக் கல் எடுத்து வைக்கவில்லை. பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலை போய் நின்றவர்களுக்குக் கூலி கொடுப்பதற்காக ரூஸ்வெல்ட் அரசு டபிள்யூ.பி.ஏ. என்று ஒரு திட்டம் நடத்தியது. அதில் எழும்பியது இது. நம் ஊர்க் கணக்கில் நூறு நாள் வேலை. கண்மாய்க் கரையைச் செதுக்குவதோடு நிவாரண வேலை முடிந்துவிடும் என்று நினைத்திருந்தவன் நான். அந்த நான்கு மாடியின் முன்னால் வாயடைத்துப் போனேன்.

'அரை மணி நேரத்தில் ஏறிவிடலாம்' என்றும் எழுதியிருக்கிறீர்கள். 32 வருடம் சங்கிலி பிடித்து நிலம் அளந்தவனிடம் இப்படிச் சொல்லக் கூடாது. கோபுரப் பாதை ஒரு வழிக்கு 1.6 மைல், அதாவது இரண்டரை கிலோமீட்டருக்குச் சற்று மேல். உச்சியின் உயரம் 739 அடி. என் மகள் வயதினருக்கு அரை மணி சரியாக இருக்கலாம். 68 வயதில் எனக்கும், முழங்காலில் தைலம் தடவிக்கொண்டு வந்த என் மனைவிக்கும் ஒன்றேகால் மணி நேரம் ஆனது. ஆனால் பயப்பட ஒன்றுமில்லை. அகலமான சரளைப் பாதை. ஏற்றம் தெரியாமல் ஏற்றிவிடுகிறது. பாறையில் கையை ஊன்றித் தொற்றித்தான் போவேன் என்கிறவர்களுக்கு நீல அடையாளமிட்ட பாதை தனியாக இருக்கிறது. அதில் நாற்பது அடி போய்விட்டு நான் திரும்பிவிட்டேன்.

கோபுரத்துக்குள் படிக்கட்டு இல்லை. சாய்தளமாகவே திரும்பித் திரும்பி மேலே போகிறது. வயதானவர்களுக்கு இதைவிட முக்கியமான தகவல் என்ன இருக்கிறது? அதை ஏனோ உங்கள் கட்டுரை சொல்லவில்லை. எங்களுக்கு முன்னால் ஒரு பெண் கைக்குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டே மேல்தளம் வரை போனார். "இதில் யானையே ஏறிவிடும் போலிருக்கிறதே" என்றாள் என் மனைவி. மேலே நின்றால் தெற்கே நியூ ஹேவன் துறைமுகமும் அதற்கப்பால் கடலும் தெரிகின்றன. ராட்சசன் மட்டும் தெரியவில்லை. அவனுடைய இடுப்பில் நின்றுகொண்டு அவனை எப்படிப் பார்ப்பது?

என் மனைவிக்கு யானை நினைவு வந்ததில் ஆச்சரியமில்லை. எங்கள் வீடு மதுரை ஒத்தக்கடையில் இருக்கிறது. வாசலுக்கு வந்தால் யானைமலை. மதுரையை அழிக்க ஏவிவிடப்பட்ட யானையைச் சொக்கநாதர் அம்பெய்து கல்லாக்கினார் என்று சொல்லிச் சொல்லித்தான் எங்கள் பாட்டி சோறு ஊட்டினாள். அங்கே குவினிபியாக் பழங்குடியினரும் ஏறக்குறைய அதே கதையைச் சொல்லியிருக்கிறார்கள். ஹாபமாக் என்ற முரட்டுத் தெய்வம் கோபத்தில் காலை ஓங்கி மிதித்ததில் கனெக்டிகட் ஆறே திசை மாறிவிட்டதாம். அவன் மறுபடியும் எழுந்து ஆடாமல் இருக்க, கெய்ட்டன் என்னும் நல்ல தெய்வம் மந்திரம் போட்டு நிரந்தரமாகத் தூங்க வைத்துவிட்டதாம். மகள் இதைச் சொன்னபோது, "அப்படியென்றால் நமக்குச் சொந்தக்காரன்தான்" என்று என் மனைவி தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

இப்போது நான் எழுத வந்த விஷயம். மேற்குக் கோடியில் இருக்கிறது ராட்சசனின் தலை. அதைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வரி இல்லை. அந்த மலையின் கல், 20 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்குள்ளிருந்து வந்த நெருப்புக் குழம்பு இறுகியது. ரோட்டு ஜல்லிக்கு அருமையான கல். கார்கள் பெருகத் தொடங்கிய 1910-களில் தலைப்பகுதியின் நில உரிமையாளர் அதைக் குவாரிக்குக் குத்தகை விட்டார். வெடி வைத்தார்கள். தூரத்திலிருந்து பார்த்துப் பழகிய முகம் கொஞ்சம் கொஞ்சமாக ஜல்லியாகிப் போவதை ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

1924-இல் சுற்று வட்டாரத்தினர் சேர்ந்து ஒரு பூங்காச் சங்கம் தொடங்கினார்கள். முன்னின்றவர்களில் ஒருவர் யேல் பல்கலைக்கழகத்தின் வனவியல் பேராசிரியர் ஜேம்ஸ் டூமி. மலையின் நிலத்தைத் துண்டு துண்டாகச் சேர்த்து மாநில அரசிடம் ஒப்படைத்தார்கள். தலை மட்டும் கைக்கு வராமல் வெடித்துக்கொண்டே இருந்தது. 1933-இல், நாடே சோற்றுக்குத் திண்டாடிய வருடத்தில், பணம் திரட்டிக் குவாரி உரிமையை விலை கொடுத்து வாங்கி வெடிச் சத்தத்தை நிறுத்தினார்கள். கோபுர வேலை அதற்கு மூன்று வருடம் கழித்துத்தான் தொடங்கியது. அந்தச் சங்கம் இல்லையென்றால் நீங்கள் படம் எடுத்துப் போட்ட மலை என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது முறை போனபோது நான் உச்சிக்குப் போகவில்லை. மேற்கே, மில் ஆற்றின் பக்கம் நடந்துபோய் அந்த வெட்டுமுகத்தின் கீழே நின்றேன். மழையும் வெயிலும் அரித்த பாறைக்கும், வெடி வைத்துப் பிளந்த பாறைக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கப் படிப்பு வேண்டியதில்லை. ஒன்றில் உருண்டை, இன்னொன்றில் கூர். 90 வருடத்துக்கு மேல் ஆகியும் அந்தக் கூர் மழுங்கவில்லை. இடுக்குகளில் சின்னச் சின்ன மரங்கள் வேர் பிடித்திருந்தன. மகள் கூப்பிட்டது காதில் விழாமல் அங்கேயே நின்றுவிட்டேனாம்.

யானைமலையைச் சிற்ப நகரமாக்கும் பேச்சு 2010 வாக்கில் எழுந்தது. அடிவாரத்து ஊர்க்காரர்கள் எதிர்த்து நின்று காப்பாற்றினார்கள். மேலூர்ப் பக்கத்துக் குன்றுகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வேலையில் சேர்ந்த புதிதில் நான் அடையாளமாக வைத்து அளந்த ஒரு குன்று, இன்று பச்சைத் தண்ணீர் தேங்கிய பள்ளம். வரைபடத்தில் குன்றின் கோடுகள் அப்படியே இருக்கின்றன.

போக நினைப்பவர்களுக்கு இன்னும் ஒன்று: கனெக்டிகட் எண் பலகை உள்ள காருக்கு நிறுத்தக் கட்டணம் கிடையாது, வண்டிப் பதிவுக் கட்டணத்தோடு அதையும் சேர்த்து வாங்கிவிடுகிறார்கள். வெளி மாநிலக் கார் என்றால் வார இறுதியில் கட்ட வேண்டும். கீழே உட்கார்ந்து சாப்பிடும் இடத்தில் நிழல் குறைவு. 2018 மே 15 அன்று வந்த சுழற்காற்றில் ஏராளமான மரங்கள் விழுந்து, பூங்காவையே 13 மாதம் மூடி வைத்திருந்தார்களாம். குடையும் தயிர்சாதமும் கொண்டுபோவது நல்லது.

அடுத்த இதழில் திருத்தம் வெளியிட்டால் கோபுரத்தின் படம் வேண்டாம், அதை ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள். தலைப்பக்கத்து வெட்டுமுகத்தை என் மகள் எடுத்த படம் ஒன்றை இத்துடன் இணைத்திருக்கிறேன். இடது ஓரத்தில் குடையோடு நிற்பது என் மனைவி. பாறையின் உயரம் தெரிய வேண்டும் என்பதற்காக நான்தான் நிற்கச் சொன்னேன். அவளை வெட்டிவிடாமல் போடவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நில அளவையர்,
ஒத்தக்கடை, மதுரை