பெட்டை கூவினால்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வந்து நாலு நாளாகிறது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள், அவள் பின்னாலேயே ஓடியதில் பதில் தள்ளிப்போய்விட்டது.

சரி, உன் கிழட்டுப் பெட்டை விஷயத்துக்கு வருகிறேன். முட்டையை நிறுத்திய கோழி இப்போது கூவுகிறது, வீட்டில் அபசகுனம் என்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். சகுனமெல்லாம் இல்லை. பெரும்பாலும் அதன் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் வற்றியிருக்கும்.

கோழிக்கு இடது சினைப்பை மட்டும்தான் வேலை செய்யும். வலது பக்கத்தில் வளராமல் போன ஒரு துணுக்குதான் கிடக்கும். நோயோ கட்டியோ வந்து இடது பக்கம் கெட்டால், சில கோழிகளில் அந்தத் துணுக்கு வளர்ந்து ஆண் ஹார்மோனைச் சுரக்கிறது. கொண்டை பெருக்கும், குரலும் மாறும். பளபளக்கும் சேவல் இறகுதான் இந்த இனத்துக்கு அடிப்படை, ஈஸ்ட்ரோஜன் இருக்கும்வரைதான் பெட்டை இறகு! செப்ரைட் என்றொரு குட்டை ரகத்தில் சேவலின் தோலிலேயே ஆண் ஹார்மோன் ஈஸ்ட்ரோஜனாக மாறிவிடுவதால், சேவலுக்கும் பெட்டை இறகுதான்.

இத்தனை காலம் அந்தக் கோழிக்குள் இந்த ஹார்மோன் பார்த்த வேலையை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது. மஞ்சள் கரு சினைப்பையிலேயே உண்டாகிறது என்று வெகுநாள் நினைத்திருந்தேன். அதற்கான கொழுப்பும் புரதமும் தயாராவது கல்லீரலில், ஈஸ்ட்ரோஜன் சொல்லித்தான். ரத்தத்தில் மிதந்துபோய் மஞ்சள் கருவில் சேர்கின்றன. வெள்ளைக் கருவைச் சுரக்கும் குழாயை வளர்ப்பதும் அதுதான். ஒரு முட்டை ஓட்டுக்குச் சுமார் 2 கிராம் கால்சியம் வேண்டும். ஓடு பெரும்பாலும் இரவில், கோழி தீனி எடுக்காத நேரத்தில் படிகிறது. அதனால் முதல் முட்டைக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் முன்பே, தொடை எலும்புக்குள் கால்சியத்தைச் சேர்த்துவைக்கும் ஒரு சேமிப்பு எலும்பு உருவாகிறது.

இன்னும் முட்டையிடாத வெடைக்கோழியைத் தூக்கி, பின்புறம் இரண்டு இடுப்பெலும்பு முனைகளுக்கு நடுவில் விரல் வைத்துப் பார். ஒரு விரல்தான் நுழையும். முட்டையிடும் கோழியில் மூன்று விரல் போகும். அந்த இடைவெளியும் ஈஸ்ட்ரோஜன் வேலைதான்.

அப்புறம், உன் கோழியின் வயிறு வீங்கியிருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டு. இல்லையென்றால் கூவிவிட்டுப் போகட்டும், அறுத்துவிடாதே. அடுத்து இறகுதிர்ந்து முளைக்கும்போது கழுத்து இறகைக் கவனி. பெட்டைக்கு நுனி வட்டமாக இருக்கும், சேவலுக்குக் கூர்மையாக. எது முளைத்தது என்று எனக்கு மறக்காமல் எழுது.

அன்புடன்,
கணேசன்