பிரேக் விலையும் ஊர்ப் புதினமும்

உவர்மலை,
திருகோணமலை.

அன்புள்ள மச்சானுக்கு,

உன் நீண்ட மடல் கிடைத்தது. வாட்ஸ்அப்பில் குரலைப் பதிந்து அனுப்பிவிட்டுப் போகிற காலத்தில் நீ மட்டும்தான் இன்னும் பந்தி பிரித்து எழுதுகிறாய். அம்மாவின் கண் ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது பெரிய ஆறுதல். அக்காவிடம் சொன்னேன், அடுத்த வெள்ளியே கோணேசர் கோயிலுக்குப் போய் அம்மாவின் பெயரில் அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள். இங்கே கச்சான் காற்று அடித்து நொறுக்குகிறது. பகலில் முற்றத்தில் நிற்க முடியாது. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் வெள்ளைக்காரர் நிறைந்து போயிருக்கிறார்கள். அக்கா வீட்டு விடுதியில் அறை இல்லையாம், அத்தான் முகத்தில் சிரிப்பு.

சரி, நீ ஒன்றரைப் பக்கம் புலம்பியிருந்த விசயத்துக்கு வருகிறேன். நாலு சில்லுக்கும் டிஸ்க்கும் (சில்லோடு சுழல்கிற இரும்புத் தட்டு) அதைக் கவ்வுகிற பிரேக் பாட்டும் மாற்ற 2,400 கனேடிய டொலர், அதற்கு மேல் 13 வீத வரி என்று டீலர் சொன்னதாக எழுதியிருந்தாய். நம் காசில் போட்டுப் பார்த்தேன், ஐந்தரை லட்சத்தைத் தாண்டுகிறது. "அங்கே என்றால் எவ்வளவு முடியும்?" என்று நீ கேட்டதற்குப் பதில் கையோடு இருக்கிறது. அத்தானிடம் நிற்பதும் உன்னுடையதைப் போல பி.எம்.டபிள்யூ பைவ் சீரிஸ்தான், டீசல். போன மாதம்தான் அதற்கு முன் பக்கம் மாற்றி முடித்தோம். நான் கூடவே நின்றேன்.

காசைப் பேசுவதற்கு முதல் அந்த டிஸ்க் எப்படிப் போனது என்று சொல்ல வேண்டும். உங்களுக்குப் பனிக்காக வீதியில் கொட்டுகிற உப்பு, எங்களுக்குக் கடற்காற்றில் உப்பு. 2022-இல் எரிபொருள் இல்லாமல் நாடே வரிசையில் நின்றது உனக்குத் தெரியும். கியூஆர் கோட்டைக் காட்டி அளந்து ஊற்றிய அந்தக் காலத்தில் அத்தான் மோட்டார் சைக்கிளில்தான் திரிந்தார். கார் நிலாவெளியில் கடலைப் பார்த்தபடி மாதக் கணக்காக நின்றது. ஒரு இரவில் பிடிக்கிற கறள் பெரிய காரியமில்லை. காலையில் இரண்டு தரம் பிரேக் மிதித்தால் பாட் அதைத் துடைத்துவிடும். நாட்கணக்கில் நிற்கும்போதுதான் கறள் இரும்புக்குள்ளேயே இறங்கி அம்மைத் தழும்பு மாதிரிக் குழி போடும். பிறகு பாட் அந்தக் குழிகளின் மேல் உரசி உரசி அதுவும் தேயும், டிஸ்க்கும் தேயும். அத்தான் அதோடு இத்தனை காலம் ஓட்டினார். ஹபறணையில் இருந்து கந்தளாய்ப் பக்கம் வரும் வழியில் இருட்டில் ஒரு யானை குறுக்கே வர, முழுக்காலையும் ஊன்றி மிதித்திருக்கிறார். கார் நின்றது, ஆனால் ஸ்டியரிங் கையில் நடுங்கி ஆடியதாம். அடுத்த நாளே சிவப்பு எழுத்தில் எச்சரிக்கையும் வந்துவிட்டது. அதன் பிறகுதான் அக்கா விடவில்லை.

கொழும்பில் ஒரு பெரிய இடத்தில் விலை கேட்டோம். முன் பக்கம் மட்டும், இரண்டு டிஸ்க், ஒரு செட் பாட், பாட் தேய்ந்ததைக் காட்டுகிற சென்சர் வயர், கூலி எல்லாம் சேர்த்து மூன்றேகால் லட்சம். ஏன் இவ்வளவு என்று கேட்டதற்கு "இது ஒரிஜினல்" என்ற ஒரு சொல்தான் பதில். அந்தத் தம்பியின் குரலில் இருந்த அலுப்பைக் கேட்டு, இனிமேல் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று அத்தான் முடிவெடுத்துவிட்டார்.

மச்சான், இந்த ஒரிஜினல் கதையை நீயும் விளங்கிக்கொள். கார்க் கம்பனி பிரேக் பாட் செய்வதில்லை. டெக்ஸ்டார், பஜிட், ஜூரிட், ஏடிஈ, பிரெம்போ என்று இதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் செய்து கொடுக்கிறார்கள். அதே செய்கைக்காரரின் பாட் தன் சொந்தப் பெட்டியில் வந்தால் ஒரு விலை, கார்க் கம்பனியின் முத்திரை குத்திய பெட்டியில் வந்தால் இன்னொரு விலை. கலவையில் சின்ன வித்தியாசங்கள் இருக்கலாம், ஆனால் விலை இரட்டிப்பாகிற அளவுக்கு இல்லை. எங்களுக்குப் பயம் வேறு இடத்தில். போலிப் பெட்டியும் சந்தையில் உலாவுகிறது. கொழும்பில் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் கண்ணை மூடிக்கொண்டு வாங்க ஏலாது. அதனால் ஜேர்மனியில் இருந்து நேரே எடுப்பிக்கிற ஒருவரைப் பிடித்து, சேஸி நம்பரின் கடைசி ஏழு இலக்கத்தைக் கொடுத்து, அதற்குப் பொருந்துவதையே எடுத்தோம். டிஸ்க் இரண்டும் தொண்ணூறாயிரம், பாட் இருபத்தெட்டாயிரம், சென்சர் ஆறாயிரத்துச் சொச்சம். கூலி எவ்வளவு தெரியுமா? ஆறாயிரம் ரூபா!

உனக்கும் எனக்கும் உள்ள வித்தியாசம் இதில்தான் இருக்கிறது. உன் டீலர் தந்த கணக்கை எடுத்துப் பார், பெரிய துண்டு கூலிக்குப் போகிறது. அங்கே கைக்கு விலை, இங்கே பொருளுக்கு விலை. இதே டிஸ்க் கப்பலில் வந்து, வரி கட்டி, நம் ரூபாவின் வீழ்ச்சியையும் சுமந்துகொண்டு திருகோணமலைக்கு வந்து சேர்கிறது. ஆனால் அதைப் பூட்டுகிற பொடியனின் அரை நாள் வேலைக்கு நீ ஒரு நேரம் குடும்பத்தோடு சாப்பிடுகிற காசுகூட இல்லை. அதை நினைத்தால் எனக்கு விலை குறைந்த சந்தோசம் பாதியாகிவிடுகிறது. அத்தான் அவன் கையில் கொஞ்சம் கூடவே வைத்தார்.

இன்னொன்றும் உண்டு. உங்கள் ஊரில் பத்து வயதான பைவ் சீரிஸ் ஒன்றைச் சின்னக் கார் விலைக்கு வாங்கலாம் என்று நீயே எழுதியிருந்தாய். காரின் விலை விழுந்தாலும் பிரேக்கின் விலை விழுவதில்லை, அதனால்தான் உனக்கு நெஞ்சு அடைக்கிறது. இங்கே 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், சொந்தப் பாவனைக் கார்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்து வருடத்தில் பழைய காரெல்லாம் தங்கமாகிவிட்டது. திறந்த பிறகும் வரியைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. அத்தானுடைய காரை இன்றைக்கு விற்கப் போனாலும் ஒரு கோடிக்குக் கீழே பேச்சே இல்லை. "கோடி ரூபாச் சாமானுக்கு ஒரு லட்சத்து முப்பதாயிரம் செலவழித்தால் என்ன?" என்று அவர் சொல்வதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அந்தக் கோடி விற்றால்தானே கைக்கு வரும், விடுதியில் ஆள் வராத மாதங்களில் இந்தக் காசு கையில் இருந்துதான் போக வேண்டும் என்பது அக்காவின் பக்கம். நான் நடுவில் வாய் திறக்கவில்லை.

வேலை நடந்தது அநுராதபுரச் சந்திப் பக்கம் ஒரு சின்னக் கராஜில். பொடியன் சில்லைக் கழற்றி, பாட்டைப் பிடித்திருக்கிற காலிப்பரை எடுத்துக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டான், பிரேக் குழாயில் பாரம் விழக்கூடாதாம். டிஸ்க்கைச் சில்லு பூட்டுகிற ஹப்போடு பிடித்திருப்பது ஒரேயொரு சின்ன அலன் ஆணி. அது கறள் பிடித்து அசையவில்லை. எண்ணெய் விட்டான், சூடு காட்டினான், கடைசியில் துளைபோட்டுத்தான் எடுத்தான். அந்தச் சுண்டுவிரல் ஆணியோடுதான் அன்றைய பாதி நேரமும் போனது. தேய்ந்த பாட்டை என் கையில் தந்தான். உள்பக்கத்துப் பாட் வெளிப்பக்கத்தைவிட நன்றாக மெலிந்திருந்தது. காலிப்பர் வழுக்கி ஓடுகிற பின் இறுகிப் போனதுதான் காரணம் என்று சொல்லி, அதைத் துடைத்துக் கிறீஸ் வைத்தான். பாட்டின் நடுவில் சென்சர் பிளாஸ்டிக் உரசுப்பட்டு, உள்ளே அறுந்த செப்புக் கம்பியின் நுனி பளபளத்தது. அந்தக் கம்பி அறுந்தால் டாஷ்போர்டில் சிவப்பு எழுத்து வரும். அறுந்ததைத் திரும்பப் பாவிக்க முடியாது. முன்னுக்கு இடது சில்லில் ஒன்று, பின்னுக்கு வலது சில்லில் ஒன்று, இவ்வளவுதான்.

உனக்குப் பிரயோசனமானது இனித்தான் வருகிறது. டிஸ்க்கின் ஓரத்தில் 'மின் டிஎச்' (MIN TH, ஆகக் குறைந்த தடிப்பு) என்று ஒரு எண் பொறித்திருக்கும், இதற்குக் கீழே தேய்ந்தால் பாவிக்காதே என்று அர்த்தம். அத்தானுடைய முன் டிஸ்க் புதிதில் 24 மில்லிமீற்றர், பொறித்திருப்பது 22.4. ஒன்றரை மில்லிமீற்றருக்குச் சற்று மேல்தான் இடைவெளி. பொடியன் மைக்ரோமீற்றர் வைத்துக் காட்டினான், அதற்கும் கீழே போயிருந்தது. உன் டீலரிடம் நாலு டிஸ்க்கின் அளவையும் எழுதித் தரச் சொல்லு. அளவு தாராளமாக இருந்து, குழியோ வெடிப்போ மிதிக்கும்போது ஆட்டமோ இல்லையென்றால் பாட் மட்டும் மாற்றினால் போதும். நாலையும் ஒரே நாளில் மாற்ற வேண்டுமென்றும் சட்டமில்லை. ஒரு அச்சில் இரண்டு பக்கமும் சோடியாக மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

அத்தானின் பழைய கொரோலாவில் டிஸ்க்கை லேத்தில் கடைந்து கடைந்து ஓட்டினோமே, இதில் ஏன் அது சரிவராது என்று நானும் கேட்டேன். ஜேர்மன்காரன் வேக எல்லையே இல்லாத நெடுஞ்சாலையை மனதில் வைத்துச் செய்கிறான். சூட்டிலும் விடாமல் கடிக்கிற பாட்டைப் போடுகிறான். அது டிஸ்க்கையும் சேர்த்தே தின்னும், சில்லெல்லாம் கரித்தூளாகும். கடைவதற்கு மிச்சம் இருப்பதில்லை. வேடிக்கை என்னவென்றால் அந்தக் கார் இங்கே 70-ஐத் தாண்டினால் பொலிஸ் மறிப்பான். டவுனுக்குள் வந்தால் பஸ் நிலையத்தடியில் மான் படுத்திருக்கும், அது எழும்புகிற வரைக்கும் நிற்க வேண்டும்.

உன் முதலாளியின் போர்ஷில் மஞ்சள் காலிப்பர் என்று எழுதியிருந்தாய். அது கார்பன் செராமிக் டிஸ்க்கின் அடையாளம். புதிதாக வாங்கும்போது கேட்டு எடுத்தாலே ஆயிரக்கணக்கில் டொலர் கூடும். அந்தக் கதை நமக்கு வேண்டாம்.

நீ செய்ய வேண்டியது இதுதான். டீலரை விட்டுவிட்டு நல்ல தனிக் கராஜ் ஒன்றைப் பிடி, நான் சொன்ன செய்கைக்காரரின் சாமானை எடு. பின் பக்கம் செய்வதென்றால், உன்னுடையது பட்டனை இழுக்கிற ஹாண்ட்பிரேக் என்றபடியால், ஸ்கானர் பூட்டி அந்த ஹாண்ட்பிரேக் மோட்டரைப் பின்வாங்க வைக்கத் தெரிந்தவனா என்று முதலிலேயே கேள். தெரியாதவன் கிளாம்ப் போட்டு நசித்தால் அந்த மோட்டருக்கு வேறு காசு. பிரேக் எண்ணெய் மாற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தால் அதையும் சேர்த்து மாற்று, அது ஈரத்தைக் குடிக்கிற சாதி. புதுப் பாட் போட்டதும் முதல் சில நூறு கிலோமீற்றருக்கு அவசரமில்லாவிட்டால் அழுத்தி மிதிக்காதே. நாங்கள் நிலாவெளி வீதியில் காலையில் போய், 60-இல் இருந்து மெல்ல மெல்ல வேகத்தை இறக்கி இறக்கி, இடையில் ஆறவிட்டுப் படிய வைத்தோம். இப்போது ஸ்டியரிங் ஆடுவதில்லை. அக்கா முன் சீற்றில் பயமில்லாமல் ஏறுகிறாள்.

கடைசியாக ஒரு வேலை. மார்கழியில் வருவதாக எழுதியிருந்தாய். அத்தானுக்குப் பின் பக்கமும் விரைவில் முடியும். டிஸ்க்கைக் கொண்டுவரச் சொல்லமாட்டேன். ஒன்றே எட்டு, ஒன்பது கிலோ வரும், உன் மனைவி பெட்டியில் இடம் தரமாட்டாள். பின் பாட் ஒரு செட்டும் பின் சென்சரும் மட்டும் கொண்டுவா. சேஸி நம்பரைப் படம் எடுத்துத் தனியாக அனுப்புகிறேன். காசு அக்கா கையில் வாங்கிக்கொள், அத்தானிடம் கேட்டால் "பிறகு பார்ப்போம்" என்பார்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்லு.

அன்புடன்,
உன் ராசன்