கொடி மாறிய மல்யுத்த வீராங்கனை

ஆசிரியருக்கு,

நாடு மாறி ஆடுபவர்களைப் 'பணத்துக்குப் போனவர்கள்' என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். மரியா ஸ்டாட்னிக்கைப் பாருங்கள். உக்ரைனில் பிறந்தவர். அந்நாட்டுக்காக ஆடியபோது ஊக்கமருந்துத் தடைக்கு உள்ளானார். அதை மறைக்க வேண்டியதில்லை. அப்புறம் அஜர்பைஜானுக்குப் போனார். 2008 பெய்ஜிங் முதல் டோக்கியோ வரை நான்கு ஒலிம்பிக்கிலும் பதக்கம்: இரண்டு வெள்ளி, இரண்டு வெண்கலம். 2009, 2019 ஆண்டுகளில் உலக சாம்பியன். ரியோ இறுதிப் போட்டியில் கடைசி நொடிகள் வரை முன்னிலையில் இருந்துவிட்டு, ஜப்பானின் எரி தோசாகாவிடம் 3-2 என்று தோற்றார். தங்கம் போனது போனதுதான். இடையில் தாயாகவும் ஆனார். கணவர் ஆந்திரி உக்ரைனுக்காகவே 2008இல் வெள்ளி வென்றவர். ஒரே வீட்டில் இரண்டு கொடிகள்! விளையாட்டுப் பக்கத்தில் கிரிக்கெட்டைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு இவர்களைப் பற்றியும் எழுதுங்களேன்.

ஒரு வாசகர்,
திருச்சி