செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

மதிப்பிற்குரிய தலைவர், பொருளாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கழிமுகத்தில் நச்சு எவ்வளவு இருக்கிறது என்று அறிய இந்த ஆண்டு நாம் தொடங்கிய ஆழி (கல்லில் ஒட்டி வாழும், இரட்டை ஓடுள்ள சிப்பி போன்ற உயிர்) சேகரிப்பைப் பற்றித்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்துக்குள் எண்ணெய் வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். படகு, வலை, அலையாத்திச் செடி எல்லாவற்றிலும் கறுப்பாக ஒட்டியது. அப்புறம் தண்ணீர் தெளிந்துவிட்டது. ஏற்றவற்றத்தில் தண்ணீர் ஓடிவிடும். பாட்டிலில் பிடித்த தண்ணீர் அன்றைய நிலவரத்தை மட்டுமே சொல்லும். பச்சை ஆழி கல்லில் ஒட்டிய இடத்திலேயே இருந்து, மணிக்கு லிட்டர் கணக்கில் தண்ணீரை வடிகட்டி இரை எடுக்கிறது. ஈயம், காட்மியம், எண்ணெய் நச்சு எல்லாம் அதன் சதையில் தண்ணீரில் இருப்பதைவிடப் பல மடங்கு சேர்கின்றன. மீனின் ஈரல் எண்ணெய் நச்சை ஓரளவு உடைத்து வெளியேற்றும்; ஆழிக்கு அந்தத் திறன் குறைவு. அதனால் பல மாதக் கணக்கு அதன் உடம்பிலேயே இருக்கும். உலகெங்கும் ஆழியை வைத்துக் கடலைக் கண்காணிக்கலாம் என்று அமெரிக்கக் கடல் வேதியியல் அறிஞர் எட்வர்ட் கோல்ட்பெர்க் 1975இல் எழுதினார். அமெரிக்க அரசு 1986 முதல் தன் கடலோரங்களில் ஆழியையும் சிப்பியையும் எடுத்துச் சோதித்து வருகிறது.

நாம் முதல் முறை எடுத்த ஆழி வீணாகிவிட்டது. எல்லாவற்றையும் ஒரே பாலித்தீன் பையில் போட்டதுதான் தவறு. எண்ணெய் நச்சைப் பார்க்க அலுமினியத் தாளில் சுற்ற வேண்டும். உலோகம் பார்க்க இரும்புக் கத்தி படக்கூடாது. குடலில் இருக்கும் சேறும் கணக்கில் வந்துவிடாதபடி ஓர் இரவு சுத்தமான கடல்நீரில் விட வேண்டும். ஓடு ஒரே அளவில் இருக்க வேண்டும். முட்டையிட்ட பிறகு சதை மெலிந்துவிடுவதால், ஆண்டுதோறும் அதே மாதத்தில் எடுத்தால்தான் ஒப்பிட முடியும். கையால் இறால் தடவும் நம் அக்காமார் இதையெல்லாம் ஒரே நாளில் பிடித்துக்கொண்டார்கள். இரண்டாம் முறை எந்தக் குறையும் இல்லை.

காக்கா ஆழியையே எடுக்கலாமே என்று சில உறுப்பினர்கள் கேட்டார்கள். வெளிநாட்டிலிருந்து வந்து, சேற்றின் மேல் பாய் விரித்தாற்போல் படர்ந்து, மஞ்ச மட்டியை மூச்சுத் திணற வைக்கும் அதுதான் இப்போது எங்கும் கிடைக்கிறது, கேள்வி நியாயமானது. ஆனால் ஒவ்வோர் இனமும் நச்சைச் சேர்க்கும் விதம் வேறு. சேற்றுக்குள் புதைந்து வாழும் மட்டி சொல்வது ஒன்று, கல்லில் ஒட்டிய ஆழி சொல்வது இன்னொன்று. இனத்தை மாற்றிக்கொண்டே போனால், கூடியது நச்சா, மாறியது இனமா என்று பிரிக்க முடியாது. பச்சை ஆழி கிடைக்கும்வரை அதையே எடுப்பது, காக்கா ஆழியைத் தனிக் கணக்காக வைப்பது என்று செயற்குழு முடிவு செய்தது. இது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

வரும் ஆண்டுக்கு ஒரு பெரிய ஐஸ் பெட்டி தேவை. ஊருக்கு இருவர் பெயர் கொடுக்கவும். எடுத்த இடம், நாள், ஓட்டின் அளவு எழுதிய நோட்டு சங்க அலுவலகத்தில் இருக்கிறது; யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

இந்த அறிக்கையைப் பொதுக்குழு ஏற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்