சமையலறைக்குப் பூட்டுப் போட்டவள் எழுதுகிறேன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் நலவாழ்வுப் பக்கத்தில், தூக்கமின்மை பற்றிய கட்டுரையின் நடுவே, “நள்ளிரவில் எழுந்து தின்பவர்களுக்கு மருந்து எதற்கு, சமையலறைக்கு ஒரு பூட்டு போதும்” என்று ஒரு வரி வந்திருந்தது. வாசகர்கள் சிரிக்கட்டும் என்று எழுதியிருப்பீர்கள். என் மகள் அந்தப் பக்கத்தை மடித்து என் மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாள். அந்தப் பூட்டை உண்மையாகவே வாங்கிப் போட்டவள் நான்.

அவள் எச்.எஸ்.சி. என்னும் பள்ளியிறுதித் தேர்வுக்குப் படித்த ஆண்டில் இரவில் நான்கு மணி நேரம் தூங்கினால் அதிகம். காலையில் ஒரு வாய் இறங்காது. பள்ளிக்குக் கட்டிக்கொடுத்த ஃபராத்தா ரொட்டி அப்படியே வீடு திரும்பும். ஒருநாள் இரவு இரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்து போனபோது, விளக்கைக்கூடப் போடாமல், திறந்திருந்த குளிர்சாதனப் பெட்டியின் வெளிச்சத்தில் தரையில் உட்கார்ந்து, ஆறிப்போன பருப்புச் சோற்றைச் சட்டியிலிருந்து கையால் அள்ளி அள்ளித் தின்றுகொண்டிருந்தாள். கன்னமெல்லாம் கண்ணீர். “சாப்பிடாவிட்டால் தூக்கம் வரமாட்டேன் என்கிறதம்மா” என்றாள். மறுநாளே பூட்டு வாங்கினேன். அந்த வாரமே அவள் மெத்தைக்கு அடியில் பிஸ்கட் பொட்டலங்கள் சேர்ந்தன. என் முகத்தைப் பார்த்துப் பேச அவளுக்கு இரண்டு மாதம் ஆயிற்று.

காலையில் பசியின்மை, மாலைக்குப் பின் மிகுதியாக உண்ணுதல், தூக்கமின்மை ஆகிய மூன்றும் சேர்ந்து வரும் இந்த நோயை ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் என்ற அமெரிக்க மருத்துவர் 1955-லேயே விவரித்திருக்கிறார். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2013-ஆம் ஆண்டுக் கையேடும் இதை உண்ணுதல் கோளாறுகளுள் வைத்திருக்கிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தார் 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் படுக்கவிட்டுப் பார்த்து 2004-இல் வெளியிட்ட ஆய்வில், வயிறு நிறைந்ததை உணர்த்தும் லெப்டின் என்ற ஹார்மோன் 18 விழுக்காடு குறைந்து, பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் 28 விழுக்காடு கூடியிருந்தது. நலவாழ்வுப் பக்கம் நடத்தும் தாங்கள் இவற்றை அறியாதவர் அல்லர்.

நாங்கள் முதலில் காட்டிய மருத்துவர் அவள் என்ன உண்கிறாள், எப்போது உண்கிறாள் என்று ஒரு வார்த்தை கேட்காமல் சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். பூட்டை எடுத்துவிட்டிருந்த சமயம். ஒரு விடியற்காலையில் பார்த்தால் வாணலி கருகிக் கிடக்கிறது, வெண்ணெய் உறை பிரிந்து கிடக்கிறது, எரிவாயு அடுப்பு எரிந்துகொண்டே இருக்கிறது. அவளுக்கு எதுவுமே நினைவில்லை. அந்த மாத்திரை சிலரைத் தூக்கத்திலேயே நடக்கவும் சமைக்கவும் உண்ணவும் வைக்கும் என்பதைப் பிறகுதான் அறிந்தோம். விழித்தெழுந்து உண்பது வேறு, தூக்கத்தில் உண்பது வேறு; இரண்டுக்கும் சிகிச்சையும் வேறு. எதற்கும் பூட்டு மருந்தாகாது, ஐயா.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். முன்பு ஒரு தைப்பூச இதழில், காவடிக்கு முன் இருக்கும் பத்து நாள் விரதத்தால் பெண்களுக்கு இடை மெலியும் என்று பாராட்டி எழுதியிருந்தீர்கள். அந்த ஆண்டு என் மகளும் விரதம் இருந்தாள். கோயிலில் எல்லோரும் அவள் பக்தியைப் புகழ்ந்தார்கள், நானும் பெருமைப்பட்டேன். பகல் முழுதும் பட்டினி கிடக்க அவளுக்கு அது ஒரு மறைவாக இருந்ததை எங்களில் ஒருவரும் கவனிக்கவில்லை. முருகனுக்காக இருக்கும் விரதத்தை இடுப்பளவோடு சேர்த்துப் பேசவேண்டாம் என்று அப்போதே ஒரு கடிதம் எழுதினேன். அது வெளிவரவில்லை.

நான் கேட்பது இரண்டே வரிகள். இரவில் எழுந்து உண்பவர்கள் வெட்கப்படாமல் அதை மருத்துவரிடம் சொல்லவேண்டும், தூக்க மாத்திரை கேட்கும்போது கட்டாயம் சொல்லவேண்டும் என்று அடுத்த இதழில், அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் அச்சிடுங்கள்.

தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
ரோஸ்ஹில், மொரிசியஸ்.