களைக்கொல்லி மண்ணில் எத்தனை மாதம் தங்கும்? பதிவு ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

களைக்கொல்லிகளுக்குப் பதிவு வழங்கும் ஆணையத்தின் மதிப்பிற்குரிய தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

தானியப் பயிருக்குச் சல்ஃபோனைல்யூரியா வகைக் களைக்கொல்லி தெளித்த நிலத்தில், அடுத்து விதைத்த பயறு தேறாமல் போனது குறித்து நாங்கள் அனுப்பிய முறையீட்டுக்கு, பரிந்துரைத்த அளவில் தெளித்தால் பாதிப்பு இராது என்ற ஒற்றை வரியே பதிலாக வந்தது. பரிந்துரைத்த அளவில்தான் தெளித்தோம். கார மண்ணிலும் வறண்ட பருவத்திலும் இம்மருந்து எத்தனை மாதம் தங்கும், எப்போது பயறு விதைக்கலாம் என்பதை லேபிளில் அச்சிடச் செய்யுங்கள் என்பதே எங்கள் கோரிக்கை; அதற்கு அந்த வரியில் விடை இல்லை.

நலமான பயற்றுச் செடியைப் பிடுங்கி வேர்முடிச்சை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். தழைச்சத்து (நைட்ரஜன்) சேர்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். எங்கள் செடிகளில், வேர்முடிச்சை உண்டாக்கும் ரைசோபியம் பாக்டீரியாவால் விதைநேர்த்தி செய்திருந்தும், விரல்விட்டு எண்ணக்கூடிய முடிச்சுகளே இருந்தன. அவையும் உள்ளே வெளிறிக் கிடந்தன. இலை மஞ்சளானதும் யூரியா போடச் சொன்னார்கள். காற்றிலிருந்தே தழைச்சத்தைப் பெற வேண்டிய பயிருக்கு உழவர் ஏன் உரம் வாங்க வேண்டும்?

காரணம் தாங்கள் அறியாததன்று. களையைக் கொல்ல இம்மருந்து முடக்குவது, சில அமினோ அமிலங்களை உண்டாக்க உதவும் ஏஎல்எஸ் என்ற நொதியை. அது விலங்குகளுக்கு இல்லை, ஆனால் பாக்டீரியாக்களுக்கும் பூஞ்சைகளுக்கும் உண்டு. அமில மண்ணில் நீராற்பகுப்பால், அதாவது நீருடன் வினைபுரிந்து, விரைவில் சிதையும் இம்மருந்து, கார மண்ணில் அவ்வாறு சிதையாததால், அதைச் சிதைக்கும் வேலை பெரும்பாலும் நுண்ணுயிர்களின் தலையில் விழுகிறது. மண் காய்ந்தால் அவையும் முடங்கிவிடுகின்றன. ஹெக்டேருக்குச் சில கிராம்தானே என்பது சமாதானம் ஆகாது. அந்தச் சில கிராமிலேயே களை சாகிறது.

நுண்ணுயிர்ப் பாதுகாப்புக்குச் சான்றாகக் கொள்ளப்படும், பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு வகுத்த ஓஈசிடி 216 சோதனையில், மருந்து கலந்த சலித்த ஈரமண்ணை இருட்டறையில் 20 பாகை செல்சியஸ் அளவில் வைத்து, 28ஆம் நாளில் நைட்ரேட் உருவாகும் வேகம் மருந்து கலக்காத மண்ணிலிருந்து 25 விழுக்காட்டுக்கு மேல் மாறாவிட்டால் நீண்டகாலப் பாதிப்பு இல்லை என்று முடிவு செய்கிறார்கள். அங்கே பயற்று வேரும் இல்லை, வறட்சியும் இல்லை. ஓரினம் நலிந்தாலும் வேறோர் இனம் நைட்ரேட்டை உண்டாக்கிவிடும். ரைசோபியத்துக்கு நேர்ந்தது அந்தக் கணக்கில் தெரியாது. கிளைபோசேட் என்ற வேறொரு களைக்கொல்லி சிதைந்து உண்டாகும் ஆம்பா என்ற பொருளும், பெரும்பாலும் தாய்ப்பொருளைவிட நெடுநாள் மண்ணில் தங்கும். எங்கள் கைக்கு வந்த லேபிள்களில் அதைப் பற்றியும் ஒரு சொல் இல்லை. வாங்குபவரிடம் இதை ஏன் மறைக்க வேண்டும்?

ஆகவே, தங்கும் காலத்தையும் பயறு விதைப்பதற்கான இடைவெளியையும் மண்வகை வாரியாக லேபிளில் அச்சிட ஆணையிடுமாறும், பதிவுக்கு முன் வேர்முடிச்சுச் சோதனையைக் கட்டாயமாக்குமாறும், அடுத்த விதைப்புக்கு முன் எழுத்து மூலம் பதில் அளிக்குமாறும் பணிவுடன் வேண்டுகிறோம்.